பத்து வோல்ட் அக்கா

கதவு திறக்கும் ஓசை கேட்டால் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "சாத்துங்க, காத்து வருது" என்பார். வருகிறவர் முதலாளியே ஆனாலும் சரி, அந்த அறையின் சூடு இருபத்து மூன்று டிகிரியைவிட்டு அசையக் கூடாது. ஆலைகளும் மருத்துவமனைகளும் அனுப்பும் மின்அளவு மீட்டர்களைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடம் அது. பத்து வோல்ட் என்றால் பத்து வோல்ட்டாகவே நின்று காட்டும் இரண்டு சாம்பல்நிறப் பெட்டிகள் அங்கே இருக்கின்றன. எந்த மீட்டர் வந்தாலும் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வார். பதினெட்டு வருடக் காவலில் அவருக்குக் கிடைத்த பெயர், 'பத்து வோல்ட் அக்கா'.

பெட்டிகளை ஒருநாளும் அணைத்ததில்லை. உள்ளே சூடு ஆறினால் அளவு நகர்ந்துவிடுமாம். மின்சாரம் போனால், பேட்டரி தாங்கும் என்று தெரிந்தும், சாப்பிடுகிற கையோடு ஓடிவந்து பச்சை விளக்கைப் பார்ப்பார். வீட்டிலும் இதே கதைதான். கணவரின் கைக்கடிகாரம் இரண்டு நிமிடம் முந்துகிறது என்பதைத் தினமும் ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும்.

"ஊர்ல எல்லாரையும் சரிபாக்குறியே, உன்ன யாரும்மா சரிபாக்குறது?" என்று ஒருநாள் கேட்டார் கணவர்.

"அதுக்கு ரெண்டு பெட்டி இருக்கு" என்று பதில் வந்தது.

பெட்டிகளையும் வருடம் ஒருமுறை பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். போன வருடம் முதலாளி நினைவூட்டியபோது அக்காதான் தடுத்தார். "எதுக்கு சார்? வழியில குலுங்கித்தான் கெட்டுப்போகும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மயிரிழை பிசகாம நிக்குது."

இந்த வருடம் ஒன்றை மட்டும் அனுப்பினார். பத்து லட்சத்தில் ஒன்பது பங்கு கூடுதல் என்று அறிக்கை வந்தது. குலுங்கியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவர், திரும்பி வந்த பெட்டியை, குலுங்காமல் இங்கேயே இருந்த மற்றதோடு ஒப்பிட்டார். துளி வித்தியாசமில்லை. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே திசையில் நகர்ந்து, இத்தனை நாள் ஒன்றுக்கொன்று பொய்ச்சாட்சி சொல்லியிருக்கின்றன.

"யாருக்கும்மா தெரியப்போகுது? அடுத்த தடவை மீட்டருங்க வரும்போது சான்றிதழை மாத்திக்கலாம்" என்றார் முதலாளி.

அக்கா பதிவேட்டைப் பிரித்தார். சாதாரண மீட்டர்களுக்கு இந்தப் பிசகு உறைக்காது. மிக நுட்பமான ஆறு மீட்டர்களுக்குத் தந்த சான்றிதழ்கள்தாம் பொய். தொலைபேசியை எடுத்தார். 'தப்பு' என்ற சொல்லை அவர் பிறருக்காக ஆயிரம் முறை உச்சரித்திருக்கிறார். தனக்காகச் சொல்லும்போது முதல் அழைப்பில் இரண்டு முறை இருமல் வந்தது. ஐந்தாவது அழைப்பில் பழகிவிட்டது.

ஆறாவது ஆள், ஓர் ஆலையின் மேற்பார்வையாளர், சிரித்தே விட்டார். "ஒம்பது பங்குதானே? விடுங்க மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நான் சொன்னதுதான் தப்புங்கிறேன்!"

"பரவால்ல மேடம், எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அக்கா ரிசீவரை முறைத்தார். பிறகு மீட்டர் தூக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் இறங்கி, வந்த முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி அந்த ஆலையின் விலாசத்தைச் சொன்னார்.