பிள்ளையார் பாட்டுக்கு முன்னால்

மைக் செட்காரன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதல் பாட்டு பிள்ளையாருக்குத்தான். அதற்கு முன்னால், ஸ்பீக்கர் பாக்ஸ் சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க அவன் போடும் பாட்டை ஊரில் யாரும் பாட்டாகவே மதிப்பதில்லை. அந்த அரை நிமிஷத்தில்தான் என் சந்தோஷம் முழுக்க அடங்கியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது எண்பதுகளில் இங்கிலாந்துப் பக்கம் வந்த நியூ வேவ் பாப் பாட்டுகள். கீபோர்டு கண்ணாடித் தம்ளரைத் தட்டினாற்போல மணிமணியாக விழும். டிரம்மை மெஷின் அடிக்கும். பாடுகிறவன் தலைமுடியைக் காக்காக் கூடு மாதிரி வைத்துக்கொண்டு, ஆட வேண்டிய தாளத்தில் அழுதுகொண்டிருப்பான். திருப்போரூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிற ஐம்பது வயது ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கூட உட்கார்ந்து கேட்க ஆளில்லாத பாட்டு உங்களுக்கும் ஒன்று இருந்தால் என் ஆசை புரியும். ஒரே ஒரு பாட்டை, பெரிய பாக்ஸில், முதலிலிருந்து கடைசி வரை கேட்க வேண்டும். வீட்டில் பெரிய பாக்ஸை அலற விட முடியாது, விசேஷத்தில்தான் முடியும். ஆறு வருஷமாக அது நடக்கவில்லை.

தேடியது ஒன்று

ஆறு வருஷத்துக்கு முன்னால் புது பாக்ஸ் வாங்கிய அன்று போனில் 'ஸ்பீக்கர் டெஸ்ட்' என்று தேடினேன். ஏதோ ஒன்று ஓடியது. அது முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததைப் போட்டது, அப்புறம் அதற்கு அடுத்தது. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. சாயங்காலத்துக்குள் போனிலேயே பதினோரு பாட்டு கேட்டிருந்தேன். இன்றைக்கு என் பென் டிரைவில் இருநூறுக்கு மேல் இருக்கின்றன. தொழிலுக்கும் தோதான பாட்டுகள்தாம். அடித்தொண்டைக் குரல், கைதட்டல், மெல்லிய மணி, இடி மாதிரி பேஸ் எல்லாம் முதல் அரை நிமிஷத்திலேயே வந்துவிடும். அதிலேயே பாக்ஸின் ஜாதகம் தெரிந்துவிடும்.

அங்கேதான் வினையும். ரெண்டு பாக்ஸும் பேசிவிட்டால் என் கூட்டாளி தயாளன் பாட்டை கட் பண்ணிவிடுவான். தயாளன் என் மனைவியின் தம்பி. ஒயர் இழுப்பதும் மிக்சர் போர்டில் சத்தம் கூட்டிக் குறைப்பதும் அவன்தான். முதல் தடவை கேட்டுவிட்டு, பட்டனை அமுக்கியபடியே அபிப்பிராயம் சொன்னான்: "பாட்டு நல்லாத்தான் கீது மாமா. பாடுறவனுக்குத்தான் வூட்ல எதோ பேஜாரு."

பம்பைக்காரர்

ஆடி மாசம், உள்ளே ஒரு கிராமத்தில் கூழ் ஊற்றும் திருவிழா. மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, டெஸ்டிங் போட்டேன். பம்பை அடிக்க வந்தவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். தலை லேசாக ஆட ஆரம்பித்தது. விரல் தொடையில் தாளம் போட்டது. தயாளன் கை பட்டனுக்குப் போனபோது நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வித்வான் கேட்கிறார், நடுவில் நிறுத்துவது மரியாதையா?

அரை நிமிஷம் ஒன்றானது, ஒன்றரையும் ஆனது. அதற்குள் பூஜைக்கு நேரமாகிறதென்று பூசாரி கையை ஆட்டிவிட்டார், தயாளனும் கட் பண்ணிவிட்டான். யார் அடிக்கிறது என்று பம்பைக்காரர் கேட்டார். ஆள் இல்லை, மெஷின் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "அதான பாத்தேன். இம்மா நேரம் அடிச்சிக்கினு கீறான், ஒரு தபா கூட கை வலிக்கலியேன்னு."

படூரில் பிள்ளையார் சதுர்த்தி

படூர் அபார்ட்மென்ட்டில் ஐடி கம்பெனிக்காரர்கள் நிறைய. இங்கிலீஷ் பாட்டென்றால் இங்கேயாவது ஒருவர் நின்று கேட்பார் என்று நம்பித்தான் குட்டி யானை வண்டியில் சாமான் ஏற்றினேன். போட்ட இருபதாவது செகண்டில் சங்கச் செயலாளர் படி இறங்கி ஓடி வந்தார். பாட்டு பெயர் என்ன, எந்த வருஷம், யார் பாடியது என்று வரிசையாகக் கேட்டார். ஆறு வருஷத்தில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. தயாளன் வழக்கம்போல கட் பண்ணியதைக்கூடக் கவனிக்காமல் எனக்குத் தெரிந்த சரித்திரத்தையெல்லாம் ஒப்பித்தேன். அந்தக் குழு எப்படிப் பிரிந்தது என்பது வரைக்கும் போய்விட்டேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் முதல் மாடியில் வைத்திருந்த கேமராவைக் காட்டினார். விழா யூடியூபில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. "இது இன்னும் பத்து செகண்ட் ஓடியிருந்தா யூடியூப்காரன் எங்க லைவைத் தூக்கியிருப்பான் சார். பிள்ளையார் பாட்டுக்கும் காப்பிரைட் வருமா?"

அந்த ஊர்க்காரர்

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ரிசார்ட் ஒன்றில் கல்யாணம். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் இங்கிலாந்து வெள்ளைக்காரர் ஒருவர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் விருட்டென்று எழுந்து என்னை நோக்கி வந்தார். பாட்டு பிறந்த ஊர்க்காரர், பாட்டு பிறந்தபோது இளவட்டமாக இருந்திருப்பார். இவரை மீறி யார் கட் பண்ணுவார்கள்? நாற்காலிகூட இழுத்துப் போட்டேன்.

அவர் உட்காரவில்லை. ரிசார்ட் மேனேஜரிடம் வேகமாக என்னவோ சொன்னார். மேனேஜர் என்னைச் சங்கடமாகப் பார்த்தார். "அண்ணே, இந்தப் பாட்டு வந்த வருசம்தான் இவரு பரீட்சையில பெயிலாம். நாதஸ்வரம் இருந்தா போடச் சொல்றாரு."

பெண்ணைப் பெற்றவன்

போன தையில் என் பெண் நிவேதாவுக்கு நிச்சயதார்த்தம். சொந்த விசேஷத்துக்கு வெளி மைக் செட் கூப்பிட முடியுமா? ஆனால் பெண்ணைப் பெற்றவன் ஒயரும் கையுமாக நிற்கக் கூடாது என்று என் மனைவி சுமதி உத்தரவு போட்டுவிட்டாள். பட்டு வேட்டியில் மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். மிக்சரில் தயாளன்.

உள்ளே டெஸ்டிங் ஆரம்பித்தது. என் பென் டிரைவின் முதல் பாட்டு, அவன் அதிக தடவை கழுத்தை நெரித்த பாட்டு. அரை நிமிஷம் ஆயிற்று. தயாளன் பட்டனிலிருந்து கையை எடுத்தான். என்னைப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து மதுராந்தகத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது, அரை மணி முன்னதாகவே. வரிசைத் தட்டோடு எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பிள்ளையார் பாட்டு இல்லாமல் சம்பந்தியை எப்படி உள்ளே அழைப்பது? சுமதி தம்பியிடம் ஓடினாள். அவன் மைக்கிலேயே பதில் சொன்னான்: "டெஸ்டிங் முடியல அக்கா. பொண்ணுக்குத் தாய்மாமன் சொல்றேன், ரெண்டு நிமிசம் நிக்கட்டும்."

தாய்மாமன் சொன்னால் சபையில் மறுபேச்சு கிடையாது. சம்பந்தி தட்டோடு வெயிலில் நின்றார். எதனா பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். டெஸ்டிங் என்றேன். பெண்ணின் வாழ்க்கை வாசலில் நிற்கிறது, என் பாட்டு உள்ளே ஓடுகிறது. எனக்குப் பயமாகவும் இருந்தது, அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. குரல் ஓய்ந்தது. மெஷின் நின்றது. காலி மண்டபத்தில் கீபோர்டு மட்டும் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. கடைசி வரை கேட்டுவிட்டேன்.

அடங்கிய அந்த அமைதியில் கொர்ரென்று ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. தயாளன் எழுந்து பாக்ஸில் காதை வைத்தான். பிறகு வாசலில் நின்றிருந்த ரெண்டு குடும்பமும் கேட்க மைக்கில் சொன்னான்: "மாமா, லெஃப்ட் பாக்ஸு இரைஞ்சிகினு கீது. நான் பாதில பாதில கட் பண்ணி உடனே புள்ளையார் பாட்டு போட்டுகினு இருந்தனா, ஆறு வருசமா இது தெரியாமலே போச்சு."

இப்போதெல்லாம் எங்கள் டெஸ்டிங் நாலு நிமிஷம், பிள்ளையாரும் பழகிக்கொண்டுவிட்டார்.