அக்கா ஏறிய ஹெலி

அக்காவின் பெரிய பையை நானும் அவளும் ஆளுக்கொரு வாரில் பிடித்துக்கொண்டு, உறைபனியில் வழுக்கி வழுக்கி ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அவள் நோர்வே விமானப்படையில் மருத்துவ உதவியாளர். காயப்பட்டவர்களை ஏற்றும் ஹெலிகொப்டரில் ஆப்கானிஸ்தான் போரில் வேலை. அவளுடைய பிரிவில் தமிழ்ப் பெண் அவள் ஒருத்திதான். ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் கண்டால் விடமாட்டார்கள்.

"பிள்ளை பிளேன் ஓடுறீரோ?"

"இல்லை மாமி, காயத்துக்குக் கட்டுப் போடுறனான்."

"அதை இஞ்சை ஆஸ்பத்திரியிலை போடலாமே!"

அக்கா சிரிப்பாள். அம்மா சிரிக்க மாட்டார். யாழ்ப்பாணத்தில் குண்டுவீச்சுக்குப் பயந்து அக்காவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவர். ஒஸ்லோவில் ஆஸ்பத்திரி ஹெலி போனாலும், மேலே இருந்து பார்த்தால் தெரியும் என்று பால்கனியில் காயும் வெள்ளைத் துணிகளை உருவிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்.

புறப்படுவதற்கு முன்னால் நடந்த சண்டையும் இதைப் பற்றித்தான்.

"நாங்கள் குண்டு போடுறேல்லை அம்மா. காயப்பட்ட சனத்தை ஏத்துறது."

"கீழை நிக்கிற சனத்துக்கு அது தெரியுமோ?"

அக்கா பையை இழுத்து மூடினாள். அம்மா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும் என்றுதான் லீவு கேட்டு வந்திருந்தாள். அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

ரயில் வந்து நின்றபோது அம்மா ஓடிவந்தார். கோட்டு இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. மறிக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கியபடி அக்காவின் கையைப் பிடித்தார்.

"வீடுகளுக்கு மேலாலை பதிஞ்சு பறக்க விடாதை. குழந்தையள் வெருண்டிடும்."

"ஓம் அம்மா. சொல்லுறன்."

அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. அவள் ஏறியதும் ரயில் கதவு மூடியது.

எனக்கு எரிச்சல். தாழப் பதிந்து இறங்காத ஹெலி காயப்பட்டவனை எப்படி ஏற்றும்? ஓட்டுகிறவன் இவள் சொல்லைக் கேட்பானா?

அம்மா வீட்டுக்கு வந்து தொலைக்காட்சிச் செய்திக்கு முன்னால் இருந்தவர், எழும்பவில்லை. எனக்கு அந்த வீட்டில் கால் தரிக்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு என்று வெளிக்கிட்டு, ரயிலேறிப் பக்கத்து நகரமான திராமனுக்குப் போய், மாமாவின் மரக்கறிக் கடையில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். செய்ய முடியாத ஒன்றுக்கு அக்கா ஏன் அவ்வளவு சந்தோசமாக ஓம் என்றாள் என்பது, அத்தனை வெங்காய மூட்டையையும் இறக்கி முடித்த பிறகும் எனக்குப் பிடிபடவில்லை.