மைனி பொறுக்கவில்லை

அண்ணனை நான்கு பேர் தாங்கிக் கூட்டிவந்தபோது, அவன் மனைவி, என் மைனி, வாசலில் உட்கார்ந்து விற்பதற்கு நண்டு கட்டிக்கொண்டிருந்தாள். ஈரக் கயிற்றால் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. அண்ணனின் வலக்கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கமாகத் திரும்பியிருந்தது. மைனி அழவில்லை. கையிலிருந்த நண்டைக் கட்டி முடித்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். “யாரு?” என்று மட்டும் கேட்டாள்.

புன்னக்காயலில் அதைக் கேட்கத் தேவையே இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில், அலையாத்தி மரங்களை வெட்டிச் சாய்த்துக் கரை எழுப்பி இறால் பண்ணை போட்டிருந்தான் ஒருவன். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத இன்றும் எனக்கு மனம் வரவில்லை. பண்ணையின் கழிவுநீர் இறங்கிய பிறகு சேற்றில் நண்டு வளைகள் அடைந்துபோயின. மைனியைப் போன்ற பெண்களுக்கு அந்தச் சேறுதான் பிழைப்பு. தட்டிக் கேட்கப் போன அண்ணனை அவன் ஆட்கள் துடுப்பால் அடித்தார்கள். எலும்பு கூடியது, வலை இழுக்கும் வலு திரும்பவில்லை. சாட்சி சொல்ல யாரும் வராததால் வழக்கும் நிற்கவில்லை.

அண்ணன் சில மாதங்களில் ஆறிவிட்டான். “உசுரு மிஞ்சிச்சே, விடுங்க” என்பான். மைனி விடவில்லை. மாதா கோவிலில் எல்லாரோடும் சேர்ந்து செபம் சொல்லுவாள். பிறர் குற்றத்தைப் பொறுப்பதாகச் சொல்லும் இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் எனக்கு அந்த மௌனம் தெளிவாகக் கேட்கும்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் விலங்கியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மைனி பஸ் ஏறி கல்லூரிக்கே வந்துவிட்டாள். ஆய்வகத்து வாசலில் நின்று, “ஏட்டி, நீ படிக்கித படிப்புல அவன அடிக்க வழி இருக்கா?” என்று கேட்டாள்.

இருந்தது. மூங்கிலில் ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்தோம். பண்ணை வாய்க்காலின் வாயிலிலும், மரங்கள் தப்பியிருந்த தூரத்துத் திட்டிலும் மாதந்தோறும் அதைச் சேற்றில் வைத்து, உள்ளே எத்தனை வளைகள் என்று எண்ணினோம். வளையின் வாயில் புது மண் உருண்டை இருந்தால் உள்ளே நண்டு இருக்கிறது என்று பெண்கள்தான் எனக்குச் சொன்னார்கள். தண்ணீரின் உப்பை நான் அளந்தேன். என் பேராசிரியர் எங்கள் இயற்கைப் பற்றைப் புகழ்ந்தார். எங்களுக்கு வேண்டியிருந்தது பழிக்குப் பழி. ஆனால் கோபத்தில் ஒரு வளையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. பொய் ஒன்று கலந்தாலும் அவன் தப்பித்துவிடுவான் என்று மைனிக்குத் தெரியும்.

அந்தக் கணக்கை வைத்து நாங்கள் எழுதிய மனுவைப் படித்து விசாரணைக் குழு வந்தது. அவன் வெள்ளை வேட்டியில், கரைமேல் நின்றபடி சொன்னான்: “இது ஆதிகாலத்துலயிருந்தே பொட்டல் சார். இங்கன மரமே கெடையாது.”

மைனி மண்வெட்டியை எடுத்துக் கரையின் அடிப்பக்கம் கொத்தத் தொடங்கினாள். அவன் ஆட்கள் ஓடிவந்தார்கள். அதிகாரி கையைக் காட்டித் தடுத்தார். கறுத்த சேறு சரியச் சரிய, ஒரு கொத்தில் மண்வெட்டி ‘டொக்’ என்றது. அலையாத்தியின் அடிக்கட்டை. கோடாலி வெட்டு நேற்று விழுந்ததுபோல அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, அதற்கப்பால் வேறொன்று. அதிகாரி குனிந்து அந்த வெட்டுக்குள் விரலை வைத்துப் பார்த்தார். அவன் முகம் வெளுத்தது. அந்தக் கணத்தில் நான் அடைந்த இன்பத்தை எந்தப் பட்டமும் எனக்குத் தந்ததில்லை.

பண்ணையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கரையை உடைத்த அன்று, கடல்நீர் உள்ளே ஏறியதைப் பெண்கள் குலவையிட்டு வரவேற்றார்கள்.

முதல் ஆண்டு நான் அங்கே வரிசையாக நட்ட அலையாத்திக் கன்றுகள் எல்லாம் பட்டுப்போயின. “தண்ணி எங்கன ஏறும், எங்கன எறங்கும்னு பாக்காம நட்டா எப்பிடிட்டி?” என்று மைனி திட்டினாள். அவள் காட்டிய தடத்தில் மீன் முள்ளைப்போல் கிளைக் கால்வாய்கள் வெட்டினோம். அதன்பின் ஓதத்தோடு மிதந்து வந்த விதைகளே வேர்பிடித்தன. ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக் கூடாதென்று ஊர் கூடி முடிவு செய்தது. பெண்கள் முறை வைத்துக் காவல் காத்தார்கள். நண்டு வந்தது, மீன் குஞ்சு வந்தது, அவற்றைத் தேடி நாரைகள் வந்தன.

மரங்கள் ஆள் உயரம் வளர்ந்த பிறகு, ஒரு மாலையில் அவனே வந்தான். கையில் ஊன்றுகோல் இருந்தது. கழிமுகத்தைப் பார்த்துக் கட்டிய வீடு ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சியிருந்தது.

“தப்புத்தாம்மா. மனசுல வச்சிக்கிடாத” என்றான்.

அண்ணன் அவன் தோளைத் தொட எழுந்தான். மைனி அண்ணனை உட்காரச் சொன்னாள்.

“பொறுக்க முடியாதுவே. நீரு ரொம்ப நாளு இருக்கணும். தெனமும் சன்னலத் தொறந்து இந்த மரம் வளருதத பாக்கணும். எனக்கு அது போதும்.”

மைனி போய்ச்சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவன் இருக்கிறான், அவள் விரும்பியபடியே. அவள் இடத்திலிருந்து நான் செய்த ஒரே காரியம் இதுதான்: மாதக் கணக்கெடுப்பு முடிந்ததும், எந்தத் திட்டில் எத்தனை வளைகள், என்னென்ன பறவைகள் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதி, அவனுக்கு உறுத்தட்டும் என்று அவன் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வருவேன். ஐம்பது வயதுக்காரி செய்யும் வேலையா என்று வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் செய்தேன்.

போன மாதம் அவன் மருமகள் என்னைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துச் சிரித்தாள். “மாமாவுக்கு இப்ப அந்தத் தாளுதான் உசுரு, அக்கா. மாசம் பொறந்தா போதும், வந்திட்டா வந்திட்டான்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. நாரை கூடியிருந்தா அன்னைக்கு ரெண்டு வாய் சோறு கூட எறங்குது.”

இந்த மாதக் கணக்கெடுப்பு நேற்று முடிந்தது. நாரைகள் கூடியிருக்கின்றன. தாளை நான் எழுதவில்லை.