உள்ளே திருப்பிய இலை

எனக்கு எழுபத்து மூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தவள். நெல், வாழை, கரும்பு என்று வளர்த்ததற்கு அளவே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு ஒரு பையில் மண் நிரப்பத் தெரியாதா? தெரியவில்லை... அதுதான் இந்த வாரச் சேதி.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு வாசிக்கவும்தான் எனக்கு எழுத்து. நான் சொல்வேன், மூத்தவன் மகள் போனில் தட்டுவாள். சொந்தச் சரக்கு எதையும் அவள் சேர்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இந்த வாரம் என் இளையவனைப் பற்றி. பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும்.

இளையவன் லோடு ஆட்டோ ஓட்டினான். கம்பத்திலிருந்து மலையேறி கேரளாவுக்குக் காய்கறி கொண்டுபோவான். ஒருநாள் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஒரு பார்சல். உள்ளே கஞ்சா. தெரிந்து ஏற்றினானா, தெரியாமல் ஏற்றினானா? கோர்ட் ஒன்று சொன்னது, அவன் ஒன்று சொன்னான். எனக்கு ஜெயிலுக்குப் போய் மனுப் போட்டு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வரத்தான் தெரிந்தது.

தண்டனை முடிந்து போன வருடம் வந்துவிட்டான். ஆனால் வந்தவன் முழுதாக வரவில்லை. முன்வாசலில் கால் வைக்க மாட்டான். போவதும் வருவதும் கொல்லைக் கதவு வழியாகத்தான். அவனை நம்பி வண்டிச் சாவி கொடுக்க ஆளில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை வேலை இருக்கிறது, போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் மனைவி மலருக்கு அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. தலைப்பிள்ளை.

"பிள்ளை பெறக்கும்போது நீங்க இங்கன இருக்கணும்" என்று அவள் ஒருமுறை சொன்னாள். அவன் கொல்லைப்பக்கம் எழுந்து போய்விட்டான். அவளும் பிறகு கேட்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் மூன்றாவது ஆளுக்குச் சோறு இறங்குமா?

மசக்கைக்காரிக்குப் புளிப்பின் மேல் ஆசை. "அத்தை, புளிச்ச கீரை கெடைக்குமா?" என்றாள். சந்தைக் கீரை வீடு வருவதற்குள் வாடிவிடுகிறது. மாடியில் போடலாமே என்றேன்.

அப்போதுதான் இளையவன் வாயைத் திறந்தான். "மண் தொட்டி வேணாம் ஆத்தா, மாடி தாங்காது. துணியிலயே தொட்டி வருது. லேசா இருக்கும், வேருக்குக் காத்தும் போகும்."

துணியில் தொட்டியா? சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டேன். அவன் தானாக ஒன்று வேண்டும் என்று சொல்லி எத்தனை காலமாயிற்று!

பார்சல் வந்தது. கம்பளி மாதிரித் தடிமனான துணி, தூக்க இரண்டு காது, கறுப்பு நிறம். எல்லாம் சரி. ஒவ்வொரு பையின் நெற்றியிலும் பச்சையாக ஓர் இலைப் படம்... விரல் விரித்த இலை. எங்கள் பள்ளத்தாக்கில் அது என்ன இலை என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

கொண்டுவந்த பையன் இளித்தான். "என்ன பாட்டி, புது வெவசாயமா?"

"உன் கல்யாணத்துக்குப் பந்தி வைக்க வளக்கப் போறேன், போடா" என்றேன்.

இளையவன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "திருப்பி அனுப்பிரு ஆத்தா. இது நம்மளுக்கு ஆகாது."

பேத்தி போனில் தேடினாள். சட்டம் அனுமதிக்கிற சில வெளிநாடுகளில் அந்தச் செடியை வீட்டு முற்றத்திலேயே வளர்க்கிறார்களாம். அவர்களுக்குப் பிடித்த தொட்டியாம் இது. ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் மண்ணை உருண்டையாகப் பிடித்து, விரலால் ஒரு தட்டு தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. இந்தப் பதம்தான் தொட்டிக்கு வேண்டும் என்கிறாராம்.

"யாரா இருந்தா என்ன, இந்த மனுசன் மண்ணு தெரிஞ்ச நல்ல சம்சாரி" என்றேன். அங்கே அவர் வெயிலில் நின்று பாடம் நடத்துகிறார். இங்கே என் பிள்ளைக்குப் படத்தைப் பார்த்தே வியர்க்கிறது.

நான் ஒரு பையை எடுத்தேன். ரவிக்கையைத் திருப்புகிற மாதிரி உள்பக்கத்தை வெளியே இழுத்தேன். இலை உள்ளே போய்விட்டது.

"இப்பத் தெரியுதா?"

"தெரியல."

"பெறகென்ன? மண்ணைப் போடுறா."

மண்ணில்தான் என் வீம்பு. என் தம்பி தோட்டத்துக் கரிசலைக் கொண்டுவரச் சொன்னேன். வயலில் கரிசல் ராஜா. தொட்டியிலோ... நாலு வெயிலில் சுருங்கிக் கல்லாகிவிட்டது. ஊற்றிய தண்ணீர் ஓரத்து இடுக்கு வழியாக ஓடித் தரையை நனைத்தது. "நான் சொன்னா கேட்டாத்தானே" என்று இளையவன் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினான். செம்மண், ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவு, மக்கிய எரு, கொஞ்சம் மணல் எனக் கலந்தான். உருண்டை பிடித்துத் தட்டினான். உதிர்ந்தது. தொட்டிக்கு அடியில் செங்கல், மேலே வாழைச் சருகு மூடாக்கு. நான் விதையை மட்டும் தூவினேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

முளைத்தது. காலையும் மாலையும் அவன் மாடியில் இருந்தான். மலர் படியில் உட்கார்ந்து ஏதாவது பேசுவாள். அவன் 'ம்' கொட்டுவான். 'ம்' என்பதும் பேச்சுத்தானே?

ஆனால் தொட்டிகளை எல்லாம் பின்பக்கம் வைத்திருந்தான். மலைக் காற்று நேராக வந்து அடிக்கிற பக்கம் அது. ஆனி, ஆடியில் எங்கள் ஊர்க் காற்று ஆளையே தள்ளும், துணித் தொட்டியை விட்டுவைக்குமா? மதியத்துக்குள் மண் காய்ந்து, இலை கிழிந்து தொங்கியது. தெருப்பக்கம் தண்ணீர்த் தொட்டி மறைவில் வை என்றேன். "தெருவுல பாப்பாக" என்றான்.

பார்த்தால் என்ன? கீரை போட்டதை ஒளிக்க வேண்டுமா? எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவன் இல்லாத நேரம் பார்த்து, நானும் பேத்தியும் ஆளுக்கொரு காதைப் பிடித்து ஒரு தொட்டியை முன்பக்கம் இழுத்து வைத்தோம். அவனும் பார்த்தான். திருப்பி வைக்கவில்லை.

காற்று படாத அந்தச் செடி தளதளவென்று ஏறியது. அங்கேதான் இருந்தது வினை. புளிச்ச கீரை சிறிதாக இருக்கும்போது இலை முழுசாக இருக்கும். மேலே போகப் போக மூன்றாகப் பிளக்கும், ஐந்தாக விரியும், ஓரத்தில் ரம்பப் பல் விழும். உள்ளே திருப்பிய இலை, செடியில் முளைத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஆடியது! தினமும் பார்க்கிற எங்களுக்கு அது கீரை. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு? அதுவும் இந்த வீட்டு மாடியில்?

ஒரு பிற்பகலில் வாசலில் பைக் வந்து நின்றது. ஏட்டையாவும் ஒரு பெண் போலீசும்.

"மாடியில ஏதோ செடி வளக்குறீகளாமே ஆத்தா. போட்டோ வந்திருக்கு. பாக்கணும்."

"தாராளமாப் பாருங்கய்யா. பூட்சை மட்டும் இங்கன கழட்டிருங்க, மாடி கழுவி விட்டிருக்கு."

சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பினேன். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளில் இளையவன் கை இருந்தது. சுவரோரம் மலர் நின்றாள். வயிற்றில் கை வைத்து அவனையே பார்த்தாள். இப்போது அவன் வெளியே போனால் திருப்பூரில்தான் நிற்பான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏலே," என்றேன். "உன் செடியைப் பாக்க வந்திருக்காக. எனக்கு என்ன தெரியும்? நீ வந்து சொல்லு."

தாழ்ப்பாளிலிருந்து கை கீழே இறங்க... எனக்கு ஒரு யுகம்.

மாடியில் ஏட்டையா போனையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு நட்டது?"

நான் வாயெடுப்பதற்குள் அவன் சொன்னான்: "நான்தான் சார். புளிச்ச கீரை."

"எங்க வீட்ல கடையாத புளிச்ச கீரையா? அது வட்டமாவுல இருக்கும்."

"அது வேற சாதி சார். இதுலயும் அடி இலையப் பாருங்க... வட்டமா இருக்கா? மேல ஏறத்தான் விரல் விரியும்." கிள்ளி ஒன்றைத் தன் வாயில் போட்டான். இன்னொன்றை நீட்டினான். பெண் போலீஸ்தான் முதலில் வாங்கி மென்றாள். இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன.

"அய்யய்ய... சார், கீரைதான் சார்! பல்லு கூசுது!"

ஏட்டையாவும் மென்றார். ஒரு கண் தானாகச் சுருங்கியது. அந்தக் கண்ணோடே தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது என்னய்யா, துணியா? தண்ணி ஒழுகாதா? எங்க வீட்டம்மா ரோசாவ வாங்கி வாங்கிச் சாகடிக்கிறாக."

இளையவன் பேசினான். மண் கலக்கும் விதம், கறுப்புத் துணி வெயிலை இழுப்பதால் வெள்ளை வாங்கினால் நல்லது, சின்னப் பை சீக்கிரம் காயும்... மலரும் நானும் படியில் நின்று கேட்டோம். ஒரு வருடத்துப் பேச்சையும் அவன் அன்றைக்கே பேசிவிட்டான்.

போட்டோ அனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. தெரியும். மறுநாள் ஒரு கிண்ணம் கீரைக் கடையலை அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்கிற முறையை அவர்களும் மறக்கவில்லை. நாலு எலுமிச்சை வந்தது. மலர் ஒன்றை அப்போதே நறுக்கி உப்புத் தொட்டுச் சப்பினாள்.

முந்தாநாள் திருப்பூரிலிருந்து போன். இளையவன் மாடியிலிருந்து கத்திப் பேசுகிறான்: "இப்பத் தோதுப்படாது மாப்ள. காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்தணும். துணித் தொட்டில்ல?" நான் போய்ப் பார்த்தேன். எல்லாத் தொட்டியையும் தெருப்பக்கம் வரிசையாக வைத்திருந்தான். மலர் படியில் உட்கார்ந்திருந்தாள். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது.

இந்த வாரம் உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பெயர் போடவில்லை என்று இப்போது குடத்தோடு வந்தவனிடம் சொன்னேன். குடத்தைக் கீழே வைத்தான். "போட்டே சொல்லு ஆத்தா" என்றான்.

எழுதிக்கோ தாயி. அவன் பேரு செல்வம்.

எழுதிட்டியா? எங்க, அந்த வரியை மட்டும் ஒருக்க வாசி.