ஆல்டன் கார்லிஸ் செய்த வடிகட்டி

ஆல்டன் கார்லிஸுக்குக் கை பேசும், வாய் பேசாது. வெர்மான்ட்டில் எங்கள் மலைச்சரிவில் எது உடைந்தாலும் அவனிடம்தான் போகும். அவன் அண்ணன் மெர்ட்டனுக்கு வாய் மட்டும்தான். அப்பா விட்டுப்போன மேப்பிள் காடு, மூத்தவன் என்பதால் மெர்ட்டன் பேரில் இருந்தது. மரத்தில் துளைபோட்டு, சாறு சேர்த்து, விறகடுப்பில் பாகு காய்ச்சுகிறவன் ஆல்டன்.

காய்ச்சக் காய்ச்சப் பாகில் பொடிமணல் மாதிரி ஒன்று சேரும். தொங்கவிட்ட துணியில் வடித்தால் பாதியிலேயே ஆறி அடைத்துக்கொள்ளும். கார்லிஸ் பாகு என்றால் கலங்கல் என்று பேராகிவிட்டது. பெரிய கம்பெனி ஒன்று காட்டைக் குத்தகைக்குக் கேட்டபோது மெர்ட்டன் சொன்னான்: "மார்ச்சுல ஊரே பாகு ருசி பாக்க வருமில்ல, அந்த ஞாயித்துக்கெழம தெளிஞ்ச பாகு ஊத்து. காட்ட உனக்கே எழுதித் தர்றேன். முடியலன்னா கம்பெனிக்குத்தான்."

குளிர்காலம் முழுக்க ஆல்டன் கொட்டகையில் கிடந்தான். மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த பால் கறக்கும் இயந்திரத்தின் பம்பு, ஓர் எவர்சில்வர் பால் தொட்டி, பழைய வாஷிங் மெஷினிலிருந்து அறுத்தெடுத்த துளைத்தகடு, அதன்மேல் தடித்த கம்பளித் துணி. பம்பு கீழிருந்து உறிஞ்ச, கொதிக்கிற பாகு மளமளவென்று இறங்கியது. புட்டியில் அடைக்க ஒத்தாசைக்குப் போன நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் என் விரல்ரேகை தெரிந்தது.

சனிக்கிழமை மெர்ட்டன் வந்தான். "ஏண்டா, துணி இவ்ளோ அழுக்கா இருக்கே, நாளைக்கு ஊர் சிரிக்காதா? குடு, அலசிட்டு வர்றேன்." அண்ணன் முதல்முறையாகக் கைகொடுக்கிறான் என்று ஆல்டனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் துணியில் வெந்நீர் தவிர வேறெதுவும் படக் கூடாது. அடுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காதவனுக்கு அது எங்கே தெரியும்? சோப்புத்தூளை அள்ளிப் போட்டுத் துவைத்திருக்கிறான்.

ஞாயிறன்று ஊர் வழக்கப்படி தட்டுகளில் பனியை அள்ளி, அந்தத் துணியில் அன்று வடித்த சுடுபாகை ஊற்றி, தித்திப்பு திகட்டாமலிருக்கப் புளித்த வெள்ளரிக்காயோடு கொடுத்தோம். முதல் வாய் வைத்த பாதிரியார் மனைவி கைக்குட்டையில் துப்பினாள்.

"என்ன ஆல்டன், தலைக்குக் குளிச்ச தண்ணியக் காய்ச்சினியா?" என்றாள்.

ஊர் சிரித்தது. மெர்ட்டனும் ஒரு விரலால் தொட்டு நக்கினான். முகம் ஒரு கணம் செத்தது. பிறகு அவன்தான் உரக்கச் சிரித்தான். "வாஷிங் மெஷின்ல பாகு வடிச்சா வேறென்ன வரும்?"

திங்கட்கிழமை மெர்ட்டன் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். நான் போனபோது ஆல்டன் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தான். துணியை எடுத்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசம். பற்றிக்கொண்டு வந்தது.

"தகட்டுமேல தப்பில்ல. உங்கண்ணன் சோப்புப் போட்டிருக்கான்."

"தெரியும் ஐடாக்கா. வாயில வெச்சதுமே தெரிஞ்சுது."

"அப்ப அங்கேயே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு. அவனே சொல்லுவான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

இப்போது அதே காட்டில் ஆல்டன் கம்பெனிக் கூலி, அணில் கடித்த சாற்றுக் குழாய்களை ஒட்டுகிறான். போன வாரம்கூடக் காப்பிக் கடையில் மெர்ட்டன், தான் துவைத்ததை மறைத்து, அந்தச் சோப்புக் கதையை எடுத்துவிட்டான். ஆல்டன் எதிரிலேயே உட்கார்ந்து, முடிகிறவரை கேட்டான்.