கரையில் குவித்த ஆகாயத்தாமரை

ஏரிக்கு வா என்று என் மனைவியை இழுத்துக்கொண்டு போனவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று ராமச்சந்திராபுரத்தில் இதை நம்ப ஒரு ஆள் கிடையாது.

எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏரியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. சாக்கடைத் தண்ணீரைக் குடித்து இடுப்புயரம் வளர்ந்த செடி. ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கும் நாலு பேரைச் சேர்த்து, வாட்ஸாப் குழு ஒன்று தொடங்கி, ஞாயிறு காலைகளில் அதைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் நாலு பேரும் நின்றுவிட்டார்கள். வேலை அதிகமாம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன்.

"அந்த நாத்தத்துக்குள்ள நான் வரணுமாக்கும்?"

தண்ணீர் பாட்டில் தூக்கவாவது வா என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்தத் தெலுங்கு ஊரில் ஆபீஸ் இந்தியை வைத்து ஓட்டியவன் நான். அவள் காய்கறி வண்டிக்காரிகளிடம் தெலுங்கு கற்றவள். திருநெல்வேலி இழுவையோடுதான் பேசுவாள், ஆனால் பேசுவாள். முதல் ஞாயிறே ஏரிக்கரை வீட்டுப் பெண்கள் இரண்டு பேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதுக்கம்மா பண்டிகைக்கு ஒன்பது நாள் பூ அடுக்கிப் பாடிவிட்டு, அந்தப் பூவை இந்தச் சாக்கடையிலா விடுவீர்கள்? அடுத்த வாரம் ஆறு பேர் வந்தார்கள். செப்டம்பரில் முப்பது பேர். நான் ஒரு வருடம் நோட்டீஸ் ஒட்டியும் எட்டிப் பார்க்காதவர்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்? அவளை எல்லோரும் அக்கா என்றார்கள். என்னை 'அக்கா வாள்ளாயன', அதாவது அக்கா வீட்டுக்காரர் என்றார்கள். தெலுங்குப் பேப்பரில் படம் வந்தது. நடுவில் அவள், ஓரத்தில் என் முழங்கை. வாட்ஸாப் குழுவில் அக்காவையும் அட்மின் ஆக்குங்கள் என்று கேட்டார்கள். என் விரலாலேயே ஆக்கினேன்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரே ஞாயிறில் பாதி ஏரியைச் சுத்தம் செய்தார்கள். செடியை ஏற்றிப் போக வரவேண்டிய டிராக்டர் வரவில்லை. கரையிலேயே குவித்துவிடலாம், வெயிலில் காய்ந்துவிடும் என்று அவள் முடிவு செய்தாள்.

காயாது என்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் நானும் அந்த நாலு பேரும் அப்படித்தான் குவித்தோம். ஒரு மழையில் மொத்தமும் தண்ணீருக்கே திரும்பிவிட்டது. அவர்கள் நின்றது அதனால்தான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பெண் அவளுக்குத் தன் முந்தானையால் முகம் துடைத்துவிட்டதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். அவளும் ஒரு தடவை தோற்கட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவு அற்பமாக நான் இருந்தேன்.

வியாழக்கிழமை மழை கொட்டியது. அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் முதலில் போய்ச் சேர்ந்தோம். கரை காலியாக இருந்தது. ஏரி பழையபடி பச்சையாக இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மீன்காரர், ஆறுதலாகத்தான், சொன்னார்.

"போயினசாரி சார் கூட கிட்லனே ஒட்டுகு ஏசிண்டு, அக்கா."

போன தடவை சாரும் இப்படித்தான் கரையில் போட்டார் என்கிறார். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

  அவளுக்கே புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஏரியைப் பார்த்ததும் நாலைந்து பேர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார்கள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். சார் அன்றைக்கே வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது, இன்னொரு தடவை கை கொடுங்கள் என்றாள். தெலுங்கு பேச வராதே தவிர எனக்குப் புரியும். ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"அக்கா மனசு பெத்ததி" என்றாள் ஒரு கிழவி. அக்காவுக்குப் பெரிய மனசாம். போகப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அதிலும் அவளே ஜெயித்தாள். வெட்கத்தில் கூனிக் குறுகி நின்றேன். அந்த வெட்கத்துக்குள்ளும் பொறாமை விடவில்லை.

செடியை அள்ளிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்தாள். முகம் கொடுக்காமல் கேட்டாள்.

"என்ன, இப்பமும் வயிறு எரியுதோ?"

"எரியத்தான் செய்யுது."

"எரியட்டும். எதுவரைக்கும் கொண்டு போட்டா மழ தொடாது? அதச் சொல்லுங்க."

"அந்த வேப்பமரத்தத் தாண்டி, மேட்டுல."

அவள் அதைத் தெலுங்கில் உரக்கச் சொன்னாள். சார் சொல்கிறார் என்று இரண்டு தடவை அழுத்தியும் சொன்னாள்.

முப்பது பேரும் ஒரே குரலில், "சரே, அக்கா" என்றார்கள்.