"அவர்" என்றால் மக்பூல்

கற்பிட்டியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் மக்பூலுக்குக் கலியாணமாகி இருபத்தாறு வருடம். குடியிருப்பது மனைவி அஸ்மியாவின் சீதன வீட்டில். வீட்டின் உறுதிப் பத்திரமும் மனைவியின் பெயரில். அந்த வீட்டில் மக்பூலுக்குச் சொந்தமானவை உடுக்க ஏழு சாரம், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு குறட்டை. மூன்றையும் ஒரே நாளில் வாசலில் வைத்துவிடலாம் என்று மனிதர் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வைத்தது இலக்கியம்.

ஒரே மகன் கட்டாருக்குப் போன பிறகு, அஸ்மியா வாரப் பத்திரிகையொன்றில் தொடர்கதை எழுதத் தொடங்கினார். கதையில் ஒரு கணவன். பெயர் கிடையாது, "அவர்" மட்டும்தான். புருஷனின் பெயரை அஸ்மியா வாயால் சொன்னதே இல்லை. கிளினிக்கில் கேட்டால்கூட அடையாள அட்டையைத்தான் நீட்டுவார். கொழும்பு வாசகர்களுக்கு அது வெறும் பிரதிப்பெயர். கற்பிட்டிக்கோ அது மக்பூலின் முழுப்பெயர்.

"அவர்" மீன் தலையைத் தான் எடுத்துக்கொண்டு வாலை மனைவிக்கு விடுவார். காற்றாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்குவார். மூன்றாம் வாரம், கதையில் வரும் மனைவி "அவருடைய" சாரங்களை மடித்து ஒரு பையில் அடுக்கினாள். தொடரும் என்று போட்டிருந்தது.

மறுநாள் தேத்தண்ணிக் கடைக்குள் மக்பூல் கால் வைத்ததும், அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் கடைக்காரர் பதியுதீன் கேட்டார்:

"என்ன நானா, பை கட்டியாச்சா?"

"அது கதைடா. அது நானில்ல."

"ஓம் ஓம், நீங்க இல்லதான். ஆனா அந்த மீன் தல மட்டும் ஒங்கட."

கடையே சிரித்தது. மக்பூல் தேநீரைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனார்.

"புள்ள, வாற கிழம அந்தாள வெளிய போடுவியா?"

"எனக்கென்ன தெரியும்? எழுதினாத்தானே தெரியும்."

மக்பூல் அலுமாரியைத் திறந்து சாரங்களை எண்ணினார். ஏழும் இருந்தன. ஆனால் மடிப்பு புதிதாக இருந்தது.

அன்று மத்தியானம் முதல் மீன் தலை மனைவியின் சோற்றுக் கோப்பைக்கு இடம் மாறியது. காற்றாடியும் திசை மாறியது. மக்பூல் கழுவிய கோப்பைகளில் இரண்டு உடைந்தன. மூன்றாவதைப் பார்த்து அஸ்மியாவுக்கே இரக்கம் வந்தது. நடந்ததையெல்லாம் குறிப்பு எடுத்துக்கொண்டார். எழுத்தாளர்கள் எதையும் வீணாக்குவதில்லை.

"நல்லதெல்லாம் எழுது, வாணாண்டு சொல்லல்ல," என்றார் மக்பூல். "ஆனா அந்தாளுக்கு ஒரு பேர வை. ஊருக்குள்ள தல காட்ட ஏலாம இரிக்கி."

"அல்லாஹ்வே! வேற ஆம்புளட பேர எப்பிடிப் புருஷன்ண்டு எழுதுற?"

"பதியுதீன்ண்டு எழுது," என்றார் மக்பூல். பை கட்டியாச்சா என்று கேட்டவனுக்கு அதுதான் சரியான கூலி என்பது அவருடைய கணக்கு.

அஸ்மியா கணவர் சொல் தட்டாதவர். அடுத்த வாரம் கதையில் "அவர்" பதியுதீன் ஆனார். ஆனதும் திருந்தினார். தலையைக் கொடுத்தார், கோப்பை கழுவினார். மனைவி பையை அவிழ்த்தாள். சுபம்.

ஊர்ப் பெண்கள் உருகிப்போனார்கள். யாரோ ஒரு ராத்தா தேத்தண்ணிக் கடைக்கு ஒரு சட்டி வட்டிலப்பம் அனுப்பிவைத்தார், "நல்ல மனுசனுக்கு" என்று சொல்லி. பதியுதீன் அதை வெட்டிக்கொண்டிருந்தபோது மக்பூல் உள்ளே வந்தார்.

"டேய், அந்த மீன் தலயக் குடுத்தது நான்டா!"

"கதைதானே நானா," என்றார் பதியுதீன். "துண்டொண்டு வைக்கவா?"

மக்பூல் வீட்டுக்கு வந்து அஸ்மியாவின் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பேர எடுத்துடு, புள்ள. 'அவர்'ண்டே இரிக்கட்டும்."

"அந்தக் கத முடிஞ்சி. இனிப் புதுக் கத." அஸ்மியா பேனா மூடியைத் திறந்தார். "இதில புருஷன் மொத அத்தியாயத்திலயே மவுத்தாகி அடக்கமும் ஆகுறார். பேர் போடவா, அவர்ண்டே விடவா?"

மக்பூல் ஒரு கிழமை தவணை கேட்டிருக்கிறார்.